கோகிலவாணியின் துப்பாக்கி லைசென்ஸும் நான் கொடுத்த வாக்குமூலமும்

ஆகஸ்ட் 14, திங்கள்

நடக்கப் போவது அத்தனையும் எனக்கு முன்னமே தெரியும். தெரிந்ததை டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொல்லியும் விட்டேன். நாளைக்கு அதே நாலு பேரும் “நீ எப்போய்யா சொன்னே” என்று கேட்பார்கள். இந்த ஊர் அப்படிப்பட்ட ஊர். ஆகையால் ஆதாரம் வேண்டும் என்று, உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்து இதுவரை டிவிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த டைரியில் இன்று முதல் எழுதுகிறேன். எட்டாவது பாஸ், ஒன்பதாவதில் பாதி. கையெழுத்து மட்டும் தாசில்தார் கையெழுத்து போல இருக்கும்.

நான் சொன்னது இதுதான். கோகிலவாணிக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கேட்டுப் போனால் ஒருத்தனும் அவள் கையைப் பார்க்க மாட்டான், எல்லோரும் சக்கர நாற்காலியைத்தான் பார்ப்பார்கள். அதையும் மீறிக் காரியம் கைகூடி வரும்போது யாராவது ஒரு ஈனப்பயல் நடுவில் புகுந்து கெடுப்பான்.

கோகிலவாணி என் அக்கா பழனாத்தாள் பெற்ற ஒரே மகள். அக்கா வீட்டுக்காரர் காலமானதிலிருந்து, பக்கத்து வீட்டில் தனிக்கட்டையாக இருக்கும் நான்தான் எல்லாவற்றுக்கும். கோகிலவாணிக்குப் பதினேழு வயதில், டியூஷன் முடிந்து வரும்போது லாரி இடித்து முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. இப்போது இருபத்தேழு. பால் சொசைட்டியில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறாள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநிலப் போட்டியில் பத்து மீட்டர் கைத்துப்பாக்கியில் வெள்ளி வாங்கினாள். ஊரில் நான் தங்கம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒரு புள்ளி வித்தியாசம், அதைப் போய் யார் அளக்கிறார்கள். அந்தக் குறி எங்கள் ரத்தம். சின்ன வயதில் நான் கல்லெறிந்தால் பறக்கிற கொக்கு விழும்.

இதுவரை அவள் சுட்டது காற்றுத் துப்பாக்கி. அதற்கு லைசென்ஸ் வேண்டாம். அடுத்தது இருபத்தைந்து மீட்டர், தோட்டா போட்டுச் சுடுகிறது. ரைபிள் கிளப்பில் அந்த மாதிரி ஒன்றே ஒன்று இருக்கிறது, பிடி ஆம்பளைக் கைக்குச் செய்தது. இவள் விரல் விசையை எட்டுவதற்குள் மணிக்கட்டு திரும்பிவிடுகிறது. சொந்தமாக ஒன்று வாங்கினால்தான் ஆகும் என்று கோச் இருதயராஜ் சொல்லிவிட்டார். நவம்பர் நான்காம் தேதி தேர்வுப் போட்டி. அதற்கு முன்னால் லைசென்ஸ் வர வேண்டும்.

ஆகஸ்ட் 17, வியாழன்

கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்கப் போனோம். லைசென்ஸ் பிரிவு முதல் மாடியில். லிஃப்டில் பழைய நாற்காலிகளைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். படியின் மூலையெல்லாம் வெற்றிலை எச்சில்.  நானும் இரண்டு வாட்ச்மேன்களும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினோம். (முக்கால்வாசி பாரம் என் தோளில்தான்.) அவளுக்குத் தன்னைத் தூக்குவது பிடிக்காது. ஏறி முடிக்கும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கிளார்க் சுண்டல் தின்றுகொண்டிருந்தான். தின்ற கையாலேயே மனுவை வாங்கினான். பிறகு என்னைப் பார்த்து, “இவங்களுக்கு வயசு என்ன?” என்றான். சொன்னேன். “என்ன படிச்சிருக்காங்க?” சொன்னேன். “நிக்கவே முடியாதவங்களுக்கு எதுக்கு துப்பாக்கி?” என்றான். அதற்கும் நான்தான் பதில் சொன்னேன், சுடுவது கையால் என்று. அந்தப் பதிலுக்கு மாடியே சிரித்தது. ஒரு கேள்விகூட அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. இவ்வளவு கேவலமான மனுசனை நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது வேனில் கோகிலவாணி, “மாமா, அடுத்த தடவ கேள்வி கேட்டா சித்தெ கம்முனு இருங்க. நான் சொல்லிக்கறேன்” என்றாள்.

களைப்பில் சொல்கிறாள். நான் பேசாமல் யார் பேசுவது?

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சந்தைக்கு அவளும் வந்தாள். தக்காளி நன்றாக இருந்தது. ஒரு குடிகாரப் பயல் அசிங்கமாக ஏதோ சொன்னான். அதைப் பற்றி எழுத இஷ்டமில்லை. போர் மோட்டாருக்குக் கண்டன்சர் மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 23, புதன்

ஞாயிற்றுக்கிழமை எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். உள்ளது உள்ளபடி பதிய வேண்டும் அல்லவா.

காய்கறி வரிசை முடிகிற இடத்தில் அந்தக் குடிகாரன் வழியை மறித்துக்கொண்டு நின்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். கோகிலவாணி மடியில் துண்டு போட்டு மூடி வைத்திருந்த காற்றுத் துப்பாக்கியை எடுத்தாள், கையை நீட்டினாள், அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். கை ஒரு இம்மி ஆடவில்லை. அவன் வேட்டி நனைந்தது. கத்தரிக்காய்க் கூடையில் விழுந்து எழுந்து ஓடினான். நான் பக்கத்தில் சிங்கம் போல நின்றுகொண்டிருந்தேன்.

டீக்கடையில் இன்று இதைச் சொன்னபோது ஒருத்தன் டீயைக் கீழே ஊற்றிக்கொண்டான். கேட்டவர்கள் எல்லாம், ஒருத்தனை என்ன பாடு படுத்தியிருக்கிறாள் என்று வாயில் கை வைத்தார்கள்.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் உடல்தகுதிச் சான்றிதழ். மூத்திர நாற்றம் வாசலிலேயே வந்து வரவேற்றது. ஃபாரத்தில் உயரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாமல் சீல் வைக்க மாட்டேன் என்கிறார் அங்கே இருந்த உதவியாளர். சுவரில் கோடு போட்டிருக்கிறது, வந்து நிற்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்கிறார். நான் சட்டம் பேசினேன். அவர் ஃபாரத்தைப் பேசினார். கடைசியில் இரண்டு நர்சுகள் அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, தலையிலிருந்து குதிகால் வரை டேப்பால் அளந்தார்கள். பிணத்துக்குப் பெட்டி செய்ய அளக்கிற மாதிரி. திரை கூட இல்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். த்தூ.

டாக்டரம்மா மட்டும் பரவாயில்லை. கோகிலவாணியிடமே பேசினார். கையை நீட்டச் சொல்லி, விரல் நுனியில் ஒரு காகிதத்தை வைத்து எவ்வளவு நேரம் ஆடாமல் பிடிக்கிறாள் என்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “எனக்கே இப்படி நிக்காதும்மா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நாற்காலி நகராமல் இருக்கச் சக்கரத்துக்குக் கீழே செங்கல் வைப்பது என் வேலை. இந்தப் பயிற்சி முறையை நான்தான் கண்டுபிடித்தேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். கோச்சும் இதே பயிற்சியைத்தான் செய்யச் சொல்லியிருந்தார்.

செப்டம்பர் 14, வியாழன்

லைசென்ஸ் விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். காலை பதினொரு மணி. கோகிலவாணி சொசைட்டியில் இருந்தாள். கூப்பிடு தூரம்தான், போன் போட்டால் வந்திருப்பாள். அவரே, “நீங்க தாய்மாமன் தானுங்களே, நீங்க சொன்னாப் போதும்” என்றார். அதிகாரிகள் என் முகத்தைப் பார்த்ததும் ஆள் யாரென்று கண்டுகொள்கிறார்கள்.

இளநீர் வெட்டிக் கொடுத்தேன். குடும்பம், குணம், பழக்கவழக்கம் எல்லாம் கேட்டார். நல்லபடியாகச் சொன்னேன். அவர் பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை. நல்ல பெண், அமைதியான பெண் என்றால் எவன் எழுதுகிறான்? அப்புறம் பேச்சோடு பேச்சாகச் சந்தை விஷயமும் வந்தது. அதற்குப் பிறகு பேனா நிற்கவே இல்லை. இரண்டு பக்கம். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். கண்ணாடி உள்ளே இருந்தது, அதனால் வாசிக்காமலே போட்டேன். அவர் மரியாதைக்காரர், தப்பாக எழுத மாட்டார்.

போகிற வழியில் எதிர் வீட்டு மளிகைக்கடைச் சென்னியப்பனிடமும் ஏதோ விசாரித்தார். அவன் சாக்கடைத் தண்ணீரை என் வாசலுக்கு விடுகிற பயல். என்ன சொன்னானோ.

அக்டோபர் 6, வெள்ளி

நான் சொன்னேன். ஆகஸ்ட் 14ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கடிதம் வந்துவிட்டது. மனுதாரர் பொது இடத்தில் காற்றுத் துப்பாக்கியைக் காட்டி நபர்களை மிரட்டியதாக உள்ளூர் விசாரணையில் தெரிய வருவதால், உரிமத்தை ஏன் மறுக்கக் கூடாது என்று அக்டோபர் 19ஆம் தேதி நேரில் வந்து விளக்கம் அளிக்க வேண்டுமாம்.

அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கோகிலவாணி அழவில்லை. கடிதத்தை மூன்று தடவை வாசித்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். செங்கல் வைக்கப் போனேன். வேண்டாம் என்றாள்.

இது சென்னியப்பன் வேலை. சந்தேகமே இல்லை. டீக்கடையில் நான் பெருமையாகச் சொன்னதை எடுத்துக்கொண்டு போய் போலீஸிடம் விஷமாகக் கக்கியிருக்கிறான். மனுசப் பிறவியா அது? கழுவாத எச்சில் இலை.

அக்டோபர் 7, சனி

சென்னியப்பன் கடைக்குப் போய் நாலு வார்த்தை கேட்டேன். கடையில் இருந்த கூட்டம் எல்லாம் ஒதுங்கி நின்றது. அவன் பருப்பு நிறுத்துக்கொண்டே, அந்த அம்மிணியைப் பற்றித் தப்பாகச் சொல்ல என்ன இருக்கிறது, எட்டு வருஷமாகப் பார்க்கிறேன், குரலை உயர்த்திப் பேசிக் கேட்டதில்லை என்று ஏட்டிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னான். என்ன நடிப்பு. சந்தை விஷயத்தை நீ சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“எந்தச் சந்தை விசியமுங்க?” என்றான்.

அவன் டீக்கடைக்கே வருவதில்லையாம். வயிற்றில் புண்ணாம். நம்புகிறவன் நம்பட்டும். வெளியே வந்து அவன் வாசலில் துப்பிவிட்டு வந்தேன். அவன் பெண்டாட்டி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அதைக் கழுவிவிட்டாள்.

அக்டோபர் 10, செவ்வாய்

கோச் இருதயராஜ் தெரிந்த வக்கீல் மூலமாக விசாரணை அறிக்கையின் நகலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கோகிலவாணி சாயங்காலம் அதை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள்.

“மாமா, டீக்கடையில ஒருத்தன்னுதானே சொல்லீட்டு இருந்தீங்க?”

“எதை?”

“என்னமோ நான் துப்பாக்கிய எடுத்து நீட்டுனேன்னு. ஒருத்தன் பயந்து ஓடுனான்னு. ஊரே அப்படித்தான் எங்கிட்டக் கேட்குது.”

ஆமாம் என்றேன்.

“இதுல மூணு பேருன்னு போட்டிருக்குதுங்க.” காகிதத்தை என் பக்கம் திருப்பினாள். “மூணு பேருன்னு யாருகிட்டச் சொன்னீங்க?”

நான் சென்னியப்பன் என்று ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். காகிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தில் விரலை வைத்தாள். அந்தத் தாசில்தார் கையெழுத்து.

“அன்னிக்குச் சந்தையில என்ன நடந்துச்சுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும் மாமா. நான் யாருகிட்டயும் சொல்லல.”

அடுப்பில் பால் பொங்கியது. அதை இறக்கப் போனேன். திரும்பி வரும்போது அவள் தன் அறைக்குப் போயிருந்தாள்.

ஒரு ஏட்டிடம் ஒரு குடிகாரன் என்று சொன்னால் அதற்கு ஒரு எடுப்பு வேண்டாமா? அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்கலாம். சரியாக ஞாபகம் இல்லை.

அக்டோபர் 11, புதன்

கண்டன்சர் மறுபடியும் போய்விட்டது.

அக்டோபர் 19, வியாழன்

விசாரணைக்குப் போய் வந்தோம். மறுபடியும் அதே படி, அதே எச்சில். இந்தத் தடவை தூக்கும்போது அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதிகாரி நடுவயசுக்காரர். கோப்பைப் புரட்டிவிட்டு வழக்கம்போல என்னைப் பார்த்து, “என்ன பெரியவரே, பொண்ணு ஆளுகளை மிரட்டுதாமே?” என்றார்.

வாய்க்குள் பதில் தயாராக வந்து நின்றது. நல்ல பதில். அதை விழுங்கினேன். எனக்குத் தெரிந்து நான் விழுங்கிய முதல் பதில் அதுதான்.

“அவளைக் கேளுங்க சார்,” என்றேன். “மனு அவளோடது.”

அவர் இரண்டு விநாடி தடுமாறிவிட்டு நாற்காலியின் பக்கம் திரும்பினார். கோகிலவாணி ஒவ்வொன்றாகச் சொன்னாள். போட்டியும் பயிற்சியும் இல்லாத நேரத்தில் துப்பாக்கி பீரோவில் பூட்டியிருக்கும், சாவி தன் கழுத்துச் சங்கிலியில் என்று எடுத்துக் காட்டினாள். தான் துப்பாக்கியைச் சந்தைக்கோ கோயிலுக்கோ எடுத்துப் போனதே கிடையாது, மிரட்டுவதற்கு வைத்திருந்தால் தனக்குப் போட்டி எதற்கு என்றாள். குரலை உயர்த்தவில்லை. சென்னியப்பன் சொன்னது சரிதான்.

அப்படியானால் அறிக்கையில் இருப்பது என்ன என்று அதிகாரி கேட்டார். அவள் என் பெயரைச் சொல்லவே இல்லை. 

நான் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒரு சம்பவம் நடக்கவில்லை, ஊரில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு விவரம் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று. அதிகாரி அதை வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாந்தி எடுத்த இடத்தைத் தாண்டிப் போகிறவன் பார்ப்பானே, அந்தப் பார்வை. மறுபடியும் முதலிலிருந்து போலீஸ் விசாரணை நடக்க வேண்டும், அதற்கு உண்டான நாள் ஆகும் என்றார்.

கோகிலவாணி தேர்வுப் போட்டியின் தேதியைச் சொன்னாள். அவர், “அதுக்கு நான் என்னம்மா பண்றது, உங்க ஆளுதான் எழுதிக் குடுத்திருக்காரு” என்றார்.

நவம்பர் 4, சனி

இன்று தேர்வுப் போட்டி. கோகிலவாணி வழக்கம் போல எட்டரை மணிக்குச் சொசைட்டிக்குப் போனாள்.

நவம்பர் 14, செவ்வாய்

லைசென்ஸ் வந்துவிட்டது. இரண்டாவது விசாரணைக்கு வேறு ஒரு ஏட்டு நேராகச் சொசைட்டிக்கே போய், அவளிடமே பேசி, அவளிடமே கையெழுத்து வாங்கிப் போயிருந்தார். என் பக்கம் வரவில்லை.

அக்கா தீபாவளிக்கு மிஞ்சிய அதிரசத்தை எடுத்து வைத்தாள். தேர்வு முடிந்து பத்து நாள் ஆகிறது, இந்த வருஷம் போனது போனதுதான். நான் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். கோகிலவாணி, “அடுத்த வருசம் பார்த்துக்கலாமுங்க மாமா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “செங்கல் வெய்யுங்க” என்றாள். வைத்தேன். அரை மணி நேரம் கை ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். அதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன்.

சென்னியப்பனுக்கு இரண்டு அதிரசம் கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். ஒன்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பது எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. அவன்மேல் இல்லை.

டீக்கடையில், லைசென்ஸ் வந்த கதையைச் சொல்லுங்க, அந்தச் சந்தைக் கதையையும் இன்னொரு தடவை சொல்லுங்க என்றார்கள். புதிதாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், கேட்காதவர்கள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்.

ஆகஸ்ட் 14ஆம் தேதிப் பக்கத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன். யாராவது ஒரு ஈனப்பயல் நடுவில் புகுந்து கெடுப்பான் என்று எழுதியிருக்கிறேன். நான் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆகஸ்ட் 23ஆம் தேதி எழுதியதை மட்டும் திருத்த வேண்டும். அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தது போல ஊரில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. நானே இட்டுக்கட்டினது. மூன்று பேரும் இல்லை, ஓட்டமும் இல்லை, வேட்டியும் நனையவில்லை. ஒரே ஒரு குடிகாரன். அவன் கோகிலவாணியிடம் பேசக்கூட இல்லை. கிளார்க் மாதிரி, ஆஸ்பத்திரிக்காரர் மாதிரி, என்னைப் பார்த்துத்தான் சொன்னான்: “ஏனுங்க பெரியவரே, இதைத் தள்ளீட்டுத் திரியறதுக்கு ஒரு தள்ளுவண்டி வாங்குனா காயாச்சும் விக்கலாமல்லங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வாய் தானாக இளித்துவிட்டது. கோகிலவாணி கழுத்தைத் திருப்பி, நான் சிரிப்பதைப் பார்த்தாள்.

துப்பாக்கி வீட்டில் பீரோவில் இருந்தது. அவள் மடியில் இருந்தது இரண்டு கிலோ தக்காளி.